மிஷன் மகளின் வாசல்

பெத்லகேமுக்கு மேலே மலையில் இருக்கிற எங்கள் பேத் ஜாலாவில் பெண்ணாகப் பிறந்தவளுக்கு வேறு எது இல்லாவிட்டாலும், பண்டிகைக் காலையில் வாசலுக்கு வர ஓர் ஆண்பிள்ளை இருக்க வேண்டும். அப்பா இருக்கிறவரை அப்பா. அவர் போனால் அண்ணன் தம்பி. அவர்களும் போனால் அண்ணன் மகன், இல்லையென்றால் சித்தப்பன் மகன். கட்டிக்கொடுத்துப் பேரன் பேத்தி எடுத்தவளாக இருந்தாலும் சரி, கட்டாமலே நரைத்தவளாக இருந்தாலும் சரி, கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த கையோடு அவள் வீட்டு ஆண்கள் கூட்டமாக வருவார்கள். உட்காருவார்கள், காப்பி குடிப்பார்கள், போகும்போது கையில் எதையாவது திணித்துவிட்டுப் போவார்கள். அக்காளோடு ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிகூட அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் ஊர் காறித் துப்பும்.

ஹிலானேவுக்கு அப்படி வர ஒருத்தரும் இல்லை. அறுபத்தைந்து வயதாகிவிட்டது, ஒரு பண்டிகைக்கும் யாரும் வந்ததில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவளுக்கென்ன குறைச்சல், உலகம் பூராவும் சொந்தம் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

உலகம் பூராவும் சொந்தமான கதை இதுதான். நாற்பத்தெட்டாம் வருஷத்துச் சண்டையில் மேற்கே ஊர் ஊராகக் காலியாகி, ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எங்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு கைக்குழந்தையை லூத்தரன் மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதியின் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வருவார்கள் என்று விடுதிக்காரர்கள் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. விடுதிச் சமையல்காரி, செத்துப்போன தன் தாயின் பெயரைக் குழந்தைக்கு வைத்தாள். ஊர் வைத்த பெயர் வேறு: மிஷன் மகள். எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு குலப்பெயர் உண்டு, அந்தக் குலத்துக்கு ஒரு கூடம் உண்டு, கல்யாணம் சாவு எல்லாம் அந்தக் கூடத்தில்தான். மிஷன் மகளுக்குக் குலமும் கிடையாது, கூடமும் கிடையாது.

ஆனால் சோறு இருந்தது. போர்வை இருந்தது. எழுத்தும், தையலும், வேதமும் இருந்தன. தட்டம்மை வந்து பிள்ளைகள் வரிசையாகப் படுத்த வருஷம் எல்ஃப்ரீதா சிஸ்டர் இரவெல்லாம் கட்டில் கட்டிலாக நடந்து ஈரத்துணி போட்டாள். அவள் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தபோது ஹிலானேவுக்கு எட்டு வயது. சிஸ்டருக்கு அப்போது இளவயசுதான். நீல உடுப்பு, வெள்ளைத் தொப்பி, பெரிய பாதங்கள். அரபியை வேதப் புத்தகத்திலிருந்து கற்றவள், பேசினால் மலைப்பிரசங்கம் மாதிரி இருக்கும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவளைப்போலப் பேசிச் சிரிப்பார்கள். ஹிலானேதான் அதில் கெட்டிக்காரி.

கெட்டிக்காரி என்பதால்தான் மாட்டிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் வருவார்கள். யாராவது ஒரு பிள்ளை முன்னால் நின்று, உங்கள் உதவியால் உண்கிறோம், உடுக்கிறோம், உங்களுக்கு நன்றி என்று சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஹிலானேவுக்குக் குரல் கணீரென்று வரும். பெரியவளாகி விடுதிச் சமையலறைக்கே வேலைக்காரியான பிறகும் அந்தப் பொறுப்பு அவளை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ஆராதனையில் நன்றி ஜெபம் வாசிப்பது அவள்தான் என்று ஆகிவிட்டது. உலகம் பூராவும் நடக்கிற மிஷன் வேலைக்காக, வீட்டைவிட்டுப் போனவர்களுக்காக, போன இடத்திலேயே மண்ணுக்குள் போனவர்களுக்காக நன்றி. ஸ்வீடன், பின்லாந்து, தான்சானியா, மடகாஸ்கர், பப்புவா என்று வரிசையாக ஊர்ப்பெயர்கள் வரும். தரங்கம்பாடி என்கிற பெயரில் மட்டும் வருஷா வருஷம் நாக்கு தடுக்கும், முன் வரிசையில் யாராவது குனிந்து சிரிப்பார்கள்.

அவள் சொன்ன நன்றியில் பொய் கிடையாது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளை நன்றிகெட்டவள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். கதவடியில் கிடந்த பிள்ளையைத் தூக்கினவர்களை அவள் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் நன்றி நாக்கில் இருந்தது என்றால், தொண்டையில் வேறு ஒன்று இருந்தது.

அவளுக்குப் பதினெட்டு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் இஸ்கந்தர், எருசலேம் பஸ்ஸில் கண்டக்டர். சிஸ்டரோடு காய்கறி வாங்கச் சந்தைக்குப் போகிறபோதெல்லாம் இவளுக்குக் கடைசியாகத்தான் டிக்கெட் கிழிப்பான், இன்னொரு தரம் பக்கத்தில் வரலாமே என்று. குலமில்லாத பெண்ணை எடுப்பதற்கு அவன் வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள். அவன் சாப்பிடாமல் கிடந்து சம்மதிக்க வைத்தான். பெரியப்பா தலைமையில் பத்துப் பதினைந்து ஆண்கள், கோட்டு மாட்டிக்கொண்டு, விடுதிக்குப் பெண் கேட்டு வந்தார்கள்.

பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் காப்பி வைப்பார்கள். அதை அவர்கள் தொட மாட்டார்கள். பெரியவர் எழுந்து வந்த காரியத்தைச் சொல்லுவார். பெண் வீட்டுப் பெரியவர், "காப்பியைக் குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான்" என்பார். அதற்கப்புறம்தான் கோப்பை வாய்க்குப் போகும். இது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஆண்கள் கூடத்தில் நடக்கிற காரியம் விடுதிக்குள்ளேயே இருந்த சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? வழக்கமாக விடுதிப் பெண்களுக்காக உட்காருகிறவர் போதகர். அன்றைக்குப் பார்த்து அவர் அம்மான் பட்டணத்தில் மாட்டிக்கொண்டார். என் பிள்ளைக்கு நானே உட்காருகிறேன் என்று எல்ஃப்ரீதா சிஸ்டர் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹிலானே சமையலறையில் இருந்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தது அவள்தான். கொண்டுபோனது ஒரு சின்னப் பெண். பெரியப்பா பேசினார், நன்றாகவே பேசினார், ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்தார். முடித்துவிட்டு உட்கார்ந்தார். சிஸ்டர் எழுந்து, இது பெரிய காரியம், ஜெபித்துவிட்டு நல்ல பதில் சொல்லுகிறோம் என்றாள். சொல்லிக்கொண்டே கோப்பைகளைப் பார்த்தாள். ஒன்றிலும் யாரும் வாய் வைக்கவில்லை. பாவம், பேச்சு நீண்டதில் காப்பி ஆறிப்போயிற்று, ஆறின காப்பியை விருந்தாளிக்கு எப்படிக் கொடுப்பது என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மணியை அடித்து, இதையெல்லாம் எடுத்துக்கொண்டுபோய்ச் சூடாகக் கொண்டுவா என்றாள்.

நிறைந்த கோப்பைகள் அப்படியே சமையலறைக்குத் திரும்பி வந்ததைப் பார்த்ததும், பெண் கிடையாது என்று சொல்லியாயிற்று என்பது ஹிலானேவுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணப் பெண் கூடத்துக்குள் ஓட முடியாது. கத்தவும் முடியாது. மறுபடியும் காப்பி வைத்தாள். பொங்கி வருவதற்குள் வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தக் கூட்டம் வீதியில் இறங்கும்போது பெரியப்பா சொன்னதை ஊரே கேட்டது: காப்பியை முகத்தில் ஊற்றவில்லை, அதுதான் பாக்கி என்றாராம்.

போதகர் அம்மானிலிருந்து வந்து சமாதானத்துக்கு நடையாய் நடந்தார். பெரியப்பாவின் கோபம் ஆற மாதக்கணக்காயிற்று. ஆறி, சரி வைகாசியில் பார்க்கலாம் என்று இறங்கி வந்தபோது அறுபத்தேழாம் வருஷத்துச் சண்டை வந்தது. இஸ்கந்தர் அந்த வாரம் வேலையாக யோர்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். பாலம் அடைபட்டது. அங்கிருந்து, எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் போன வழியே, சிலி தேசத்துக்குக் கப்பலேறினான். அங்கே யாரையோ கட்டிக்கொண்டான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

சிஸ்டருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு மனம் மாறிவிட்டது, கர்த்தர் உனக்கு வேறொன்று வைத்திருக்கிறார் என்று ஹிலானேவின் தலையைத் தடவினாள். போதகர் ஹிலானேவைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு அத்தனையும் செய்தவள், இதை மட்டும் அவள் காதில் போட்டுவிடாதே என்று கேட்டுக்கொண்டார். அவள் போடவில்லை. வேறு சம்பந்தமும் வரவில்லை. கேட்டு வந்தவர்களை அவமானப்படுத்தி அனுப்புகிற இடம் என்று பெயர் விழுந்துவிட்டது.

வருஷங்கள் ஓடின. விடுதியில் பிள்ளைகள் குறைந்தார்கள், ஒருநாள் மூடியே விட்டார்கள். ஹிலானேவுக்குச் சபை, கோயில் சுவரை ஒட்டி ஓர் அறையும் சின்ன வாசலும் கொடுத்தது. எல்ஃப்ரீதா சிஸ்டரை ஜெர்மனிக்குத் திரும்ப வரச் சொன்னார்கள். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவள் மறுத்துவிட்டாள். கீழே பெத்லகேமில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் ஹிலானே ஒன்றிரண்டு தரம் போய்ப் பார்த்தாள். பிறகு முழங்கால் வலி வந்தது, நினைவு தப்பிப்போகிறது என்ற பேச்சும் வந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள மிஷன்காரர்கள் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டாள்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ஹிலானேவுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட முடியவில்லை. ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆர்த்தடாக்ஸ்காரர்கள், அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரியில். அவர்கள், இன்றைக்கு லூத்தரன்காரர்களுக்குப் பண்டிகை, அவளுடைய ஆட்கள் வந்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். லூத்தரன்காரர்கள் அவரவர் அக்கா தங்கை வீடுகளுக்குப் போய்விட்டு, ஹிலானேவை வெளிநாட்டு விருந்தாளிகள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். விருந்தாளிகளோ, இந்த ஊரில் எல்லாருக்கும் எத்தனை சொந்தம் என்று வியந்துகொண்டே பஸ் ஏறினார்கள். இரண்டு வீட்டிலும் கல்யாணம், இடையிலே செத்ததாம் நாய்க்குட்டி. நல்லவேளை, மறுநாள் பக்கத்து வீட்டு பிஷாரா அம்மா உப்புக் கேட்டு வந்தாள். அவள் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹிலானே வருஷம் பூராவும் நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதனால் இந்த வருஷம் அவள் முடிவு செய்துவிட்டாள், நன்றி ஜெபம் வாசிக்கப் போவதில்லை என்று. ரஜாயி போதகர் தேடிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர், சின்ன வயசு, எப்போது பார்த்தாலும் ஓட்டம். இந்தத் தடவை பார்த்து மூன்று கண்டத்திலிருந்து மிஷன் விருந்தாளிகள் வருகிறார்கள், எல்ஃப்ரீதா சிஸ்டரின் பெயரையும் ஜெபத்தில் சேர்த்திருக்கிறது, அதை வாசிக்க அவள் வளர்த்த பெண்ணைவிடப் பொருத்தம் யார் என்று கேட்டார்.

"எனக்கு நாக்கு எழும்பாது ஐயா" என்றாள் ஹிலானே.

"யாராவது மனசு நோகப் பேசினாங்களா அத்தை?"

"பேசறதுக்கு ஆள் வரணுமே."

அவருக்குப் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள், போன வருஷத்துக் காய்ச்சலை. பண்டிகைக் காலையில் பலகாரத் தட்டைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை. சாயங்காலம் துணியை எடுத்துத் தானே ஒன்று தின்பதை. குரல் உடையாமல் சொன்னாள். போதகர் முகம் சிவந்துபோயிற்று.

"இந்த வருஷம் நான் வர்றேன் அத்தை. உங்க தம்பி மகன் வந்தான்னு வச்சுக்கோங்க. காலை ஆராதனை முடிஞ்சதும் முதல் வீடு உங்க வீடுதான்."

அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சொன்னபோது நிஜமாகவே சொன்னார். ஹிலானேவும் நம்பினாள். ஆனாலும் ஜெபம் வாசிக்க ஒத்துக்கொள்ளவில்லை. வந்தபிறகு அடுத்த வருஷம் வாசிக்கிறேன் என்று விட்டாள்.

முந்தின நாள் மாலை கோயில் நிரம்பி வழிந்தது. விருந்தாளிகளுக்கு முன் வரிசைகளை விட்டுக்கொடுத்து, நம்மவர்கள் பின்னால் நெருக்கியடித்தார்கள். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் நன்றி ஜெபத்தை வாசித்தாள். தரங்கம்பாடியைத் தடுக்காமல் தாண்டினாள். கடைசியில், எங்களிடம் வந்து எங்களோடேயே தங்கிவிட்ட எல்ஃப்ரீதா சிஸ்டருக்காக நன்றி என்று வந்தது. விருந்தாளிகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அந்த அம்மாள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று. ரொம்பத் தள்ளாமை, வர முடியவில்லை என்று போதகர் சொன்னார். தூணுக்குப் பக்கத்தில் இருந்த ஹிலானே தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அப்போது நினைப்பெல்லாம் மறுநாள் காலை மேல்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவள் யாரோடும் நின்று பேசாமல் வீட்டுக்கு வந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அடுப்பில் காப்பிப் பாத்திரத்தைத் தயாராக வைத்தாள். ரவையில் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பலகாரம், சர்க்கரை தோய்த்த பாதாம், சாக்லேட் எல்லாம் தட்டில் அடுக்கினாள். இரண்டு நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டாள். நல்ல கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீதியில் ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். புதுச் சப்பாத்துச் சத்தம் கேட்கும், சிரிப்புக் கேட்கும், யாரோ ஒரு வீட்டுக் கதவு திறக்கும், பெண்குரல் வரவேற்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஹிலானே எழுந்து உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். கூட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. மதியச் சாப்பாட்டு வாசனை அடிக்க ஆரம்பித்தது.

பிஷாரா அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவளுக்குப் பண்டிகை ஜனவரியில்தான், தலையில் மாவுத் துணியைக் கட்டிக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க போதகரையா பாக்குறே? அவரு விருந்தாளிங்களைப் பஸ்ல ஏத்திக்கிட்டு எரிகோவுக்குப் போயாச்சு. எம் மவன் பாத்தானாம். அந்த மனுஷனுக்குக் கழுத்து மேல தலை இருக்கறதே ஞாபகம் இருக்காது." பிறகு ஹிலானேவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் வரட்டுமாடி? வந்து உக்காந்து ஒரு காப்பி குடிச்சுட்டுப் போறேன்."

"நீ தினமும் வர்றவ. உன்னை நான் ஆளுன்னு கணக்கு வைக்க முடியுமா?" என்றாள் ஹிலானே.

சொன்னபிறகு அவளுக்கே அது சுள்ளென்று பட்டது. ஆனால் பிஷாரா அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் ஹிலானேவுக்கு ஆத்திரம் வந்தது. போதகர் மேல் இல்லை. அவர் மறதிக்கார மனுஷர், நாளைக்கு வந்து நிற்பார், மன்னித்துவிடலாம். பழைய ஆத்திரம். அந்தக் கோப்பைகள் மட்டும் கூடத்திலேயே இருந்திருந்தால் இன்றைக்கு அவளுக்கு மகன் இருந்திருப்பான், மகனுடைய சித்தப்பன்மார் இருந்திருப்பார்கள், இந்த வாசலில் நிற்க இடம் இருந்திருக்காது. இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு யாருக்கு என்ன லாபம்? செய்தவளிடம் ஒருதரமாவது சொல்ல வேண்டாமா? இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். கால் வலி, தூறல், ஒன்றும் பார்க்கவில்லை. பண்டிகை நாளில் வெறுங்கையோடு ஒரு வாசலை மிதிக்கிற வழக்கம் கிடையாது, அதனால் பலகாரத் தட்டைத் துணியோடு முடிந்து எடுத்துக்கொண்டாள். சண்டை போடப் போகிறவள் பலகாரத்தோடு போனாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான்.

ஷேர் டாக்ஸியில் வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். முதியோர் இல்லத்தின் கதவைத் திறந்த கன்னியாஸ்திரீ, எங்கிருந்து என்று கேட்டாள். மேலே பேத் ஜாலாவிலிருந்து, எல்ஃப்ரீதா சிஸ்டரைப் பார்க்க என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அப்பாடி, ஒருவழியா வந்தீங்களா! பாவம் அந்தம்மா, இங்க வந்ததுலேருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் விடியக்காலமே எழுந்து நீல உடுப்பைப் போட்டுக்கிட்டு ஹால்ல உக்காந்துடுவாங்க. என் ஆளுங்க வருவாங்கம்பாங்க. சாயங்காலம் நாங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைப்போம். மேல அவங்க வளத்த பொண்ணுங்க இருக்காங்களே, வேற நாள்ல வந்து பாப்பாங்கபோலன்னு நாங்களும் இருந்துட்டோம்."

ஹிலானே அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. வளர்த்த பெண்கள் என்று அந்த மலையில் இப்போது இருப்பது யார்? மற்றவர்கள் சிலியிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவள் ஒருத்திதான். தன்னை மறந்தார்கள் என்று வருஷம் பூராவும் யார் யாரையோ திட்டினாளே, அவர்கள் நினைத்ததையேதான் இவளும் நினைத்திருக்கிறாள். எங்கெங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கெல்லாம் கோயிலில் நின்று நன்றி வாசித்தவள், இந்தக் கிழவியின் வாசலுக்கு ஒரு பண்டிகைக்குக்கூட இறங்கி வரவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஹாலில் கிழவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேரைச் சுற்றி மகன்களும் பேரன்களும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் எல்ஃப்ரீதா சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நீல உடுப்பு தோளில் தொங்கியது. தொப்பி கொஞ்சம் கோணலாக இருந்தது. பாதங்கள் மட்டும் அதே பெரிய பாதங்கள். ஹிலானே முன்னால் போய் நின்றதும் ஏறிட்டுப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை, ஆனால் சந்தோஷம் தெரிந்தது.

"உட்காரு, மகளே. வெளியே குளிர் அதிகமோ?" அதே வேதப் புத்தகப் பேச்சு.

ஹிலானே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் அவிழ்த்தாள். சிஸ்டர் ஒரு பலகாரத்தை எடுத்து, சர்க்கரை கொட்டாமல் மெதுவாகக் கடித்தாள். பழசைச் சொல்ல வேண்டாம் என்றுதான் ஹிலானே நினைத்தாள்; ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

"சிஸ்டரம்மா, என்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? காப்பியை யாரும் குடிக்கலை. நீங்க எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டீங்க."

சிஸ்டர் மெல்லுவதை நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"ஆறிப்போயிருந்ததோ? ஆறின காப்பியை விருந்தாளிக்குக் கொடுப்பது மரியாதை அல்ல, மகளே. சூடாகக் கொண்டுவரச் சொல்லியிருப்பேன்."

"சொன்னீங்க" என்றாள் ஹிலானே. "சூடாத்தான் கொண்டு வந்தேன்."

"நல்லது" என்று சிஸ்டர் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் மெல்ல ஆரம்பித்தாள். இத்தனை காலம் தொண்டையில் வைத்திருந்ததை இறக்கி வைத்தாயிற்று. இறக்கி வைத்த இடத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஹிலானேவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைத் துடைக்காமல், சிஸ்டரின் கோணல் தொப்பியை நேராக்கி வைத்தாள்.

அடுத்த நாற்காலியில் பெத்லகேம்காரக் கிழவி ஒருத்தி இருந்தாள். பூத்தையல் போட்ட உடுப்பு, வாய்த்துடுக்கு முகத்திலேயே எழுதியிருந்தது. மகன்கள் அப்போதுதான் வந்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பது அவள் மடியில் கிடந்த சாக்லேட் பெட்டிகளைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன ஜெர்மன்காரி, உனக்கும் ஒரு ஆளு வந்திருக்கே! யாரு இது?"

சிஸ்டர் ஹிலானேவைப் பார்த்தாள். பெயரைத் தேடினாள். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் ஆள் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, வந்த ஆளை யார் என்று சொல்லத் தெரியவில்லை. கண்ணில் பயம் தெரிந்தது. ஹிலானேவின் கையை அவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இவங்க வீட்டு ஆளு" என்றாள் ஹிலானே. "இவங்க வளத்த பொண்ணு. பண்டிகைக்கு வந்திருக்கேன்."

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நரைத்த தலை, கறுப்பு உடுப்பு, மடியில் தட்டு.

"வருஷா வருஷம் இவ இங்கனேயே உக்காந்திருக்கறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இத்தனை நாளும் எங்கம்மா போயிருந்தே? சிலிக்கா?"

"இல்லை" என்றாள் ஹிலானே. "கூப்பிடு தூரத்துலதான் இருந்தேன்."

கிழவி தன் பெட்டியிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து ஹிலானேவிடம் நீட்டினாள். சிஸ்டர் இன்னும் அவள் வலது கையை விடவில்லை. அதனால் ஹிலானே அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.